பிள்ளைமடுவமும் ஊராட்சியும்
குருவிட்டப் பகுதித் தோட்டங்களை முன்வைத்து ஒரு வரலாற்று நோக்கு

பிறநாட்டுச் சட்டங்களைப் பார்த்து நம் நாட்டுச் சட்டங்களை ஆக்கிக்கொள்ளும் வழக்கம் இலங்கைக்குப் புதியதன்று. சிறுவர் நலன், தாய்மார் நலன், குடும்பப் பாதுகாப்பு ஆகிய துறைகளில் நம்மிடையே வழங்கும் சட்டங்களுட் பல ஆங்கிலச் சட்டங்களின் வழிவந்தவை. ஆயின், சட்டத்தைப் பெற்றுக்கொண்டபோது அச்சட்டத்தைத் தாங்கிநின்ற அமைப்பையும் நாம் பெற்றுக்கொண்டோமா என்னும் வினா போதிய அளவு எழுப்பப்படவில்லை. சபரகமுவ மாகாணத்துக் குருவிட்டப் பகுதித் தோட்டங்களை முன்வைத்து இவ்வினாவை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வேலியின் இரு புறம்

கொழும்பிலிருந்து இரத்தினபுரி செல்லும் பெருந்தெருவில் எகலியகொடையைக் கடந்து, இரத்தினபுரியை அடையுமுன் வருவது குருவிட்ட. சிவனொளிபாத மலைப்பக்கமிருந்து இறங்கும் குரு கங்கை இப்பகுதியூடாகப் பாய்ந்து களு கங்கையோடு கலக்கின்றது. 1912ஆம் ஆண்டு அவிசாவளையிலிருந்து இரத்தினபுரி வரை நீட்டப்பட்ட ஒடுங்கிய இருப்புப்பாதையும் இவ்வழியே சென்றது. அவிசாவளைக்கு அப்பாலான பகுதி 1976இல் மூடப்பட்டமையால் இன்று அப்பாதை இங்கு இல்லை. தேயிலையும் இறப்பரும் இங்கு அயலயலாக வளர்கின்றன.

நுவரெலியா மாவட்டத்திற் போலத் தோட்டத்தை அடுத்துத் தோட்டமே வருவதன்று இப்பகுதியின் அமைப்பு. தோட்டத்தின் எல்லை முடியுமிடத்திற் சிங்களக் கிராமம் தொடங்கும். கிராமம் முடியுமிடத்தில் இன்னொரு தோட்டம் தொடங்கும். ஆகவே இங்கு வாழும் தமிழ்க் குடும்பங்கள் சிதறிய சிறு கூட்டங்களாகவே உள்ளன. ஒரே மழையில் நனைந்து, ஒரே ஆற்றில் நீராடும் மக்களாயினும் வேலியின் ஒரு புறத்திற் பிறந்த பிள்ளை அரசாங்கத்தின் பொறுப்பாகவும், மறுபுறத்திற் பிறந்த பிள்ளை தோட்ட நிருவாகத்தின் பொறுப்பாகவும் நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இவ்வேறுபாட்டைக் கண்ணெதிரே காண்பதற்குக் குருவிட்ட போன்ற பகுதிகளே மிகவும் பொருத்தமானவை.

இறப்பர் மரத்திற் பால் வெட்டுதற்கு விடியற்காலைக் குளிர்ச்சியே உகந்தது. கொழுந்தெடுக்கும் பெண்ணும் காலையிலேயே பிரட்டுக்களத்தில் நிற்றல் வேண்டும். எனவே பிள்ளை கண் விழிக்குமுன்னரே தாய் இலயத்தை விட்டுப் புறப்பட வேண்டியவளாகிறாள். இவ்வேலை முறையிலிருந்து பிறந்ததே பிள்ளைமடுவம். பிள்ளைக்காம்பரா என்றும் அது வழங்கப்படும். மலையில் வேலை செய்ய இயலாத வயது முதிர்ந்த பெண்ணொருத்தியே பெரும்பாலும் அங்கு ஆயாவாக இருந்தாள். பிள்ளையின் வளர்ச்சியைக் காட்டிலும், தாயின் கைகளை வேலைக்கு விடுவித்தலே அதன் முதன் நோக்கமாக இருந்தது என்பதை மறுத்தற்கில்லை.

துரையின் கடமை

தோட்டப் பிள்ளைகளைப் பற்றிச் சட்டம் எதுவும் கூறாதிருந்தது என எண்ணுதல் தவறாகும். இரத்தினபுரிக்கு இருப்புப்பாதை வந்த அதே 1912இல் மருத்துவத் தேவைகள் கட்டளைச் சட்டம் இயற்றப்பட்டது. தோட்டத்திற் பிள்ளை பெற்ற பெண்ணுக்கு முப்பது நாள் உணவும் உறைவிடமும் கொடுத்தல், அந்நாட்களில் அவளை வேலைக்கு அழையாதிருத்தல், ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைகள் தக்க பராமரிப்பும் ஊட்டமும் பெறுகின்றனவா எனக் கவனித்தல் ஆகியவற்றை அது தோட்டத் துரையின் கடமைகளாக விதித்தது. தோட்டத்தில் நிகழும் பிறப்பை அறிவிக்கும் கடமையும் துரையின்மீதே சுமத்தப்பட்டது.

1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் ஆறு வயது முதல் பத்து வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிக்கும் பொறுப்பையும் நிருவாகத்திடமே ஒப்படைத்தது. 1927ஆம் ஆண்டு இந்தியத் தொழிலாளரின் ஆகக்குறைந்த சம்பளம் பற்றிய கட்டளைச் சட்டம் வந்தது. அது பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளை வேலைக்கு வைத்தலைத் தடுத்தது. ஆண், பெண், பிள்ளை என மூவகைச் சம்பளத்தையும் ஏற்படுத்தியது. 1929இல் அது நடைமுறைக்கு வந்தபோது தாழ்நாட்டுத் தோட்டங்களில் ஆணுக்கு 50 சதம், பெண்ணுக்கு 40 சதம், பிள்ளைக்கு 30 சதம் என நாட்சம்பளம் குறிக்கப்பட்டது. இவ்விரு சட்டங்களையும் ஒருங்கே வைத்து நோக்குவோமாயின், தோட்டப் பிள்ளையின் பிள்ளைப்பருவம் எங்கு முடிந்தது என்பது தெளிவாகும். பத்து வயதிற் பள்ளிக்கூடத்தின் கடமை தீர்ந்தது; அதே வயதில் வேலையின் கதவு திறந்தது.

1939ஆம் ஆண்டு இரு முக்கிய சட்டங்களைத் தந்தது. ஒன்று மகப்பேற்று நன்மைகள் கட்டளைச் சட்டம். தோட்டத்திற் பிள்ளைப்பேற்று விடுதியும் மருத்துவிச்சியும் உணவும் வழங்கும் நிருவாகம், பணமாகக் கொடுக்கவேண்டிய தொகையைக் குறைத்துக்கொள்ள அது இடமளித்தது. மற்றையது சிறுவர் இளம் ஆட்கள் கட்டளைச் சட்டம். பராமரிப்போ பாதுகாப்போ தேவைப்படும் பிள்ளை, அப்பிள்ளையை ஏற்கத் தகுதியுள்ள ஆள், சிறுவர் நீதிமன்றம் முதலிய அதன் கருத்துக்கள் 1933ஆம் ஆண்டு ஆங்கிலச் சட்டத்தை முன்மாதிரியாகக் கொண்டவை.

ஈண்டு ஒன்று மனங்கொள்ளத்தக்கது. இச்சட்டங்களுட் பெரும்பாலானவற்றிற் கடமையைச் செய்ய வேண்டியவனும் துரையே. அக்கடமை வழுவினால் அதனை முதலில் அறியக்கூடியவனும் துரையே. குறை கூற விரும்பும் தாய் தன் வேலையையும் வீட்டையும் கையில் வைத்திருப்பவனிடமே குறை கூறவேண்டியிருந்தது. அரசாங்க மருத்துவ அதிகாரிகளும் பரிசோதகர்களும் இருந்தனராயினும் அவர்கள் வந்து போகிறவர்கள். துரை எந்நாளும் அங்கிருப்பவர்.

இங்கிலாந்தின் வழி

இங்கிலாந்தில் நிகழ்ந்தது வேறு. அங்கும் தொடக்கத்தில் வறியோர் சட்டத்தின் கொடுமையும், ஆலைகளிற் பிள்ளைகளின் உழைப்பும் இருந்தன. ஆயின் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிமுதல் பிள்ளைகளின் நலன் படிப்படியாகத் தொழில்கொள்வோரின் கைக்கு வெளியே, மக்கள் தெரிவு செய்யும் ஊர் மன்றங்களின் கைக்கு மாறியது. பிள்ளைகளைக் கொடுமைப்படுத்தலைத் தடுக்கும் சட்டம் 1889இல் வந்தது. 1906இல் பள்ளிப் பிள்ளைகளுக்கு உணவளிக்கும் அதிகாரம் ஊர் மன்றங்களுக்குக் கிடைத்தது. அடுத்த ஆண்டு பள்ளி மருத்துவப் பரிசோதனை வந்தது. 1908ஆம் ஆண்டுச் சட்டம் சிறுவர் நீதிமன்றங்களை அமைத்தது. 1918இல் தாய் சேய் நலச் சட்டத்தின் கீழ் அம்மன்றங்கள் தாய் சேய் நலக் குழுக்களை நிறுவின. வீடு தேடிச் சென்று தாய்க்கு ஆலோசனை கூறும் சுகாதாரப் பெண் உத்தியோகத்தர் அங்கு வழமையான காட்சியாயினர்.

இவ்வமைப்பும் குறையற்றதன்று. 1945 சனவரி 9ஆம் நாள் டெனிஸ் ஓ நீல் என்னும் பன்னிரண்டு வயதுச் சிறுவன், தான் வளர்க்கக் கொடுக்கப்பட்ட பண்ணை வீட்டிற் கொடுமையினால் இறந்தான். அவனுக்குப் பொறுப்பாயிருந்தது வேல்சு நாட்டின் நியூபோர்ட் மன்றம். அவன் வாழ்ந்த இடமோ இங்கிலாந்தின் சுரொப்சயர். சர் வோல்ட்டர் மொங்ரன் நடத்திய விசாரணை, இரு மன்றங்களுக்கிடையே மேற்பார்வை எவ்வாறு நழுவிப்போயிற்று என்பதை வெளிப்படுத்தியது. அப்பிள்ளைக்குச் சட்டம் இருந்தது, அதிகாரிகள் இருந்தனர், பொறுப்பு மாத்திரம் இரண்டுக்குமிடையே விழுந்துவிட்டது.

அந்நாடு அச்சாவிலிருந்து ஒரு பாடத்தைக் கற்றுக்கொண்டது. மைரா கேட்டிஸ் தலைமையிலான குழு 1946இல் அறிக்கை அளித்தது. அதன் பயனாக வந்த 1948ஆம் ஆண்டுச் சிறுவர் சட்டம் ஒவ்வொரு மன்றமும் ஒரு சிறுவர் குழுவை அமைக்க வேண்டும், ஒரு சிறுவர் அதிகாரியை நியமிக்க வேண்டும் என விதித்தது. பெற்றோரின் பராமரிப்பை இழந்த பிள்ளைக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், சுட்டிக்காட்டுவதற்கு ஓர் ஆள் இருக்கவேண்டும் என்பதே அச்சட்டத்தின் சாரம் எனலாம்.

இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது குடும்ப உதவிப்பணம். எலினர் இராத்போன் அம்மையார் பல ஆண்டுகள் போராடியதன் பின் 1945இற் சட்டமான இத்திட்டம், 1946 ஆகஸ்டு முதல் இரண்டாவது பிள்ளைக்கும் அடுத்துவரும் ஒவ்வொரு பிள்ளைக்கும் வாரம் ஐந்து சிலிங் வழங்கியது. அப்பணம் தாயின் கையிற் கொடுக்கப்பட்டது என்பதே இதன் சிறப்பு. நம் தோட்டங்களிலோ பெண்ணின் சம்பளத்தைக் கணவனோ தந்தையோ பெற்றுக்கொள்ளும் வழக்கம் நெடுங்காலம் நிலவியது. உழைத்தவளின் கைக்கு உழைப்பின் கூலி வராதவிடத்துப் பிள்ளையின் பாலுக்கும் மருந்துக்கும் யாரிடம் கேட்பது?

1948: இரு நாடுகள், இரு சட்டங்கள்

இங்கிலாந்தின் சிறுவர் சட்டம் 1948 யூலை 5ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அதே ஆண்டு நவம்பர் 15ஆம் நாள் இலங்கையிற் பிரசாவுரிமைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. தந்தையோ, தந்தை வழிப் பாட்டனும் பூட்டனுமோ இந்நாட்டிற் பிறந்தமையைக் காட்ட இயலாதவர்க்கு வம்சாவளிப் பிரசாவுரிமை இல்லையாயிற்று. தோட்டத்திற் பிறந்து தோட்டத்திலேயே வளர்ந்த பெரும்பாலானோரிடம் அத்தகைய பத்திரங்கள் இல்லை. அதன் பின் பிறந்த பிள்ளையின் நிலை தந்தையின் நிலையைப் பொறுத்ததாயிற்று. ஒரு நாடு பெற்றோரற்ற பிள்ளைக்குத் தானே பெற்றோராக முன்வந்த ஆண்டில், இன்னொரு நாடு பெற்றோருடன் வாழ்ந்த பிள்ளையை நாடற்ற பிள்ளையாக்கியது.

1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் இந்நிலையை இன்னொரு வகையிற் கடினமாக்கியது. 525,000 பேரை இந்தியா ஏற்பதென்றும், 300,000 பேருக்கு இலங்கை பிரசாவுரிமை வழங்குவதென்றும் அது தீர்மானித்தது; எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சமமாகப் பகிர்ந்துகொண்டன. எண்களைப் பகிர்ந்தவர்கள் குடும்பங்களையும் பகிர்ந்தார்கள். மூத்த மகன் ஒரு நாட்டுக்கும் இளைய மகள் ஒரு நாட்டுக்கும் உரியவராதல் அக்காலத்து இலயங்களில் அரிதான செய்தியன்று. நாடற்ற நிலையை முடிவுக்குக் கொண்டுவர 1988ஆம், 2003ஆம் ஆண்டுச் சட்டங்கள் வரவேண்டியிருந்தது.

ஊராட்சியின் கதவும் இதேபோல் அடைக்கப்பட்டிருந்தது. 1937ஆம் ஆண்டுக் கிராமச் சங்கச் சட்டத் திருத்தம் தோட்டத் தொழிலாளரைக் கிராமச் சங்க வாக்குரிமைக்கு வெளியே நிறுத்தியது. 1987இல் பிரதேச சபைகள் அமைக்கப்பட்டபோது, சபையின் நிதியைத் தோட்டத்தினுள் தாராளமாகச் செலவிடச் சட்டம் இடந்தரவில்லை எனக் கொள்ளப்பட்டது. 2018ஆம் ஆண்டுத் திருத்தமே இத்தடையை நீக்கியது. இங்கிலாந்தின் சிறுவர் நலன் முழுவதும் எந்த ஊர் மன்றத்தின்மீது கட்டப்பட்டதோ, அந்த ஊர் மன்றம் நம் தோட்டங்களின் வாயிலில் எண்பது ஆண்டுகள் நின்றுவிட்டது. 1939இல் ஆங்கிலச் சட்டத்தின் சொற்கள் நமக்கு வந்தன. அச்சொற்களுக்கு உயிர் கொடுத்த கால்களும் கைகளும் வரவில்லை.

கற்றுக்கொண்ட ஓர் எடுத்துக்காட்டு

பிறநாட்டு அமைப்பு இங்கு வேரூன்றாது என்று இதனால் முடிவு செய்தல் பொருந்தாது. 1926ஆம் ஆண்டு அமெரிக்க றொக்பெல்லர் நிறுவனத்தின் துணையுடன் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்டது. ஒரு குறித்த நிலப்பரப்பு, அங்கு வாழும் மக்கள் அனைவர்க்கும் பொறுப்பான ஒரு மருத்துவ அதிகாரி, வீடு வீடாகச் செல்லும் மருத்துவிச்சி என்பதே அதன் திட்டம். அத்திட்டம் நாடெங்கும் பரவியது. தாய் சேய் மரணத்தைக் குறைத்தமைக்காக இலங்கை பின்னர் பெற்ற புகழில் அதற்குப் பெரும் பங்குண்டு. சட்டத்துடன் ஆளும் வந்தமையாற் கிடைத்த வெற்றி அது. ஆனால் களுத்துறைக்கு அடுத்த மாவட்டமாகிய இரத்தினபுரியிலும் அம்மருத்துவிச்சியின் வழி தோட்டத்தின் எல்லையோடு நின்றது. தோட்டத்துக்குத் தனி மருத்துவ ஏற்பாடு உண்டு என்பதே அதற்குக் கூறப்பட்ட காரணம்.

தமிழகமும் நமக்கு ஓர் எடுத்துக்காட்டைத் தருகின்றது. இந்தியாவின் 1951ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம், குறித்த தொகைக்கு மேற்பட்ட பெண்கள் வேலை செய்யும் தோட்டத்திற் பிள்ளைகள் காப்பகம் அமைத்தலைத் தொழில்கொள்வோரின் கடமையாக்கியது. இலங்கைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்கள் பல, நீலகிரியில் தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டங்களில் அமர்த்தப்பட்டன. அவற்றின் பிள்ளைகள் இச்சட்டத்தின் கீழ் வந்தனர். அதுவும் முதலாளியைச் சார்ந்த முறையே. ஆயின் அதனருகே இன்னொரு முறையும் வளர்ந்தது. காமராசர் 1956இல் மதிய உணவுத் திட்டத்தை விரிவாக்கினார். 1975இல் இந்திய அரசு ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணியைத் தொடங்கியது. 1982 யூலையில் எம். ஜி. இராமச்சந்திரன் அரசு சத்துணவுத் திட்டத்தை ஆரம்பித்து, இரண்டு வயதுப் பிள்ளைக்கும் உணவளித்தது. அப்பிள்ளையின் தந்தை யாரிடம் வேலை செய்கிறான் என்று சத்துணவுக் கூடம் கேட்பதில்லை. ஊரிற் பிள்ளையாயிருத்தலே போதிய தகுதியாயிற்று.

மாற்றங்களும் எஞ்சிய குறையும்

இலங்கைத் தோட்டங்களிலும் மாற்றங்கள் நிகழாமலில்லை. 1972ஆம், 1975ஆம் ஆண்டு நிலச் சீர்திருத்தச் சட்டங்களால் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1973, 1974ஆம் ஆண்டுகளின் உணவுத் தட்டுப்பாடு தோட்டங்களிற் பல உயிர்களைக் குடித்தது. 1977இலும், 1981 ஆகஸ்டிலும், 1983 யூலையிலும் நிகழ்ந்த வன்செயல்கள் சபரகமுவத் தோட்டக் குடும்பங்களை வடக்குக்கும் இந்தியாவுக்கும் துரத்தின. துயர்மிக்க இக்காலத்திலேயே தோட்டப் பாடசாலைகள் படிப்படியாக அரசாங்கப் பாடசாலைகளாயின. சுவீடன் நாட்டின் உதவியால் 1980களிற் கட்டடங்களும் ஆசிரியர் பயிற்சியும் கிடைத்தன. நெதர்லாந்து, நோர்வே நாடுகளின் உதவி சமூகநலப் பணிகளுக்குப் பயன்பட்டது. 1992இல் நிருவாகம் பிராந்தியக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்பட்டபோது, அரசும் கம்பனிகளும் தொழிற்சங்கங்களும் இணைந்த சமூகநல நிதியம் ஒன்று தோன்றியது. பிள்ளைமடுவங்கள் சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப் பெயர் பெற்று, பயிற்றப்பட்ட உத்தியோகத்தரைக் கொண்டனவாயின.

நாட்டுச் சட்டங்களும் முன்னேறின. 1991இல் ஐக்கிய நாடுகளின் சிறுவர் உரிமைச் சமவாயத்தை இலங்கை ஏற்றது. 1998இல் தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கான சட்டம் வந்தது. அதே ஆண்டு கட்டாயக் கல்வி விதிகள் நடைமுறைக்கு வந்தன. மூன்றாம் பிள்ளைமுதல் மகப்பேற்று விடுமுறையைக் குறைத்திருந்த ஏற்பாடு 2018இல் நீக்கப்பட்டது. வேலைக்கமர்த்தும் ஆகக்குறைந்த வயது 2021இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. 1927இல் பத்து வயது. 2021இல் பதினாறு வயது. ஆறு ஆண்டுப் பிள்ளைப்பருவத்தைப் பெறத் தொண்ணூற்று நான்கு ஆண்டுகள் சென்றன.

எனினும் பொறுப்புப் பற்றிய வினா தீர்ந்துவிடவில்லை. சிறுவர் அபிவிருத்தி நிலையம் தோட்ட நிருவாகத்தைச் சார்ந்தது. பாடசாலை கல்வித் திணைக்களத்தைச் சார்ந்தது. நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் மாகாணத்தைச் சார்ந்தது. வீதியும் நீரும் பிரதேச சபையைச் சார்ந்தவை. தாய் வெளிநாட்டு வேலைக்குச் சென்ற வீட்டில், பாட்டியுடன் வாழும் எட்டு வயதுப் பெண்பிள்ளை பாடசாலைக்கு வருவதை நிறுத்தினால், அதனை முதலில் அறியவேண்டியவர் யார்? அறிந்தபின் அவ்வீட்டின் கதவைத் தட்ட வேண்டியவர் யார்? டெனிஸ் ஓ நீல் இரு மன்றங்களுக்கிடையே விழுந்தான். தோட்டத்துப் பிள்ளை நான்கு நிறுவனங்களுக்கிடையே விழக்கூடிய நிலையில் உள்ளது.

கற்கவேண்டியதும் தவிர்க்கவேண்டியதும்

இங்கிலாந்து செல்வ நாடு, அதனோடு குருவிட்டவை ஒப்பிடலாமா என ஒருவர் வினவலாம். ஆயின் இங்கு எடுத்துக்கொள்ள வேண்டியது அந்நாட்டின் செல்வத்தையன்று. பொறுப்பாளி ஒருவரைப் பெயர் குறித்து நியமிப்பதற்கும், அவரை மக்கள் கேள்வி கேட்க வழி செய்வதற்கும் பெருஞ்செல்வம் வேண்டியதில்லை. தோட்டக் குடும்பங்கள் இன்று குருவிட்டப் பிரதேச சபைக்கு வாக்களிக்கின்றன. 2018இன் பின் அச்சபை தோட்டத்தினுள் பணியாற்றவும் சட்டம் இடமளிக்கின்றது. கட்டடங்களுக்கும் வீதிகளுக்கும் பயன்படும் இவ்வாய்ப்பு பிள்ளைகளுக்கும் பயன்படவேண்டும்.

இன்னொன்று, அப்பொறுப்பாளி தாயின் மொழியிற் பேசவல்லவராதல் வேண்டும். தமிழ்க் குடும்பங்கள் சிதறி வாழும் சபரகமுவவில் இது சிறு செய்தியன்று. தமிழும் அரசகரும மொழி என 1987இல் அரசியலமைப்புத் திருத்தம் கூறிற்று. அக்கூற்று மெய்யாவது, பயந்து நிற்கும் ஒரு தாய் தன் பிள்ளைக்கு நேர்ந்ததைத் தன் மொழியிலேயே ஓர் அதிகாரியிடம் சொல்லி முடிக்கும்போதுதான்.

இங்கிலாந்திடமிருந்து தவிர்க்க வேண்டியதும் உண்டு. வறுமையுற்ற ஆயிரக்கணக்கான பிள்ளைகளை அந்நாடு கனடாவுக்கும் அவுத்திரேலியாவுக்கும் அனுப்பிவைத்தது. பெற்றோர் உயிரோடிருக்கவே அநாதைகள் எனச் சொல்லி அனுப்பப்பட்ட பிள்ளைகளும் அவர்களுள் இருந்தனர். 2010 பெப்ரவரியிற் பிரதமர் கோர்டன் பிரவுன் அதற்காக மன்னிப்புக் கோரினார். வறுமையைக் குற்றமாகக் கருதிக் குடும்பத்தைப் பிரிப்பது சிறுவர் நலன் ஆகாது. ஒப்பந்தத்தின் பெயராற் குடும்பங்கள் பிரிக்கப்பட்டதைக் கண்ட தோட்ட மக்களுக்கு இதனை விளக்கிக் கூறவேண்டியதில்லை. பிள்ளையைக் காப்பதற்கான முதல் வழி பிள்ளையின் வீட்டைக் காப்பதே.

தொகுத்து நோக்குமிடத்து, தோட்டப் பிள்ளைகளின் நலன் பற்றிய நம் வரலாறு சட்டமில்லாத வரலாறன்று. பொறுப்பாளி இல்லாத வரலாறாகும். 1912இல் துரையிடம் ஒப்படைக்கப்பட்ட பிள்ளை, பின்னர் கூட்டுத்தாபனத்திடமும், அதன்பின் கம்பனியிடமும் கைமாறியது. ஊரின் பிள்ளையாக அதனை ஏற்றுக்கொள்ளும் காலம் இப்போதே தொடங்கியுள்ளது. வேலிக்கு அப்பாலிருக்கும் கிராமத்துப் பிள்ளைக்கு எந்த மருத்துவிச்சி செல்கிறாளோ, எந்த அதிகாரி பதில் சொல்கிறாரோ, அவர்களே வேலிக்கு இப்பாலும் வருவராயின், பிறநாட்டிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடத்தின் பெரும்பகுதியைக் கற்றவராவோம்.